ஒரிஜினல் ஆள் இல்லாத பேண்டு பேண்டா?

போன வாரம் விடுதியில் ஒரு சண்டை. அடிதடி வரைக்கும் போகவில்லை. ஆனால் ஆறிப்போன உப்புமாவை முன்னால் வைத்துக்கொண்டு மெஸ்ஸில் ஆரம்பித்தது, விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் ஓடியது. விஷயம் என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு பேண்டில் முதலில் இருந்த ஆள் போய் வேறு ஆள் வந்தால் அந்த பேண்டு தேறுமா, நாசமாகுமா?

என் அறைத்தோழன் ஒரு ராக் பைத்தியம். வருஷம் முழுக்க ஒரே கறுப்பு டீ-ஷர்ட். அதில் ஒரு முக்கோணக் கண்ணாடி, உள்ளே வெள்ளை வெளிச்சம் போய் வெளியே வானவில்லாக வரும். பிங்க் ஃப்ளாய்டின் 1973 ஆல்பத்து அட்டைப்படம். அவனுடைய கட்சி ரொம்ப எளிமையானது. "ஒரிஜினல் ஆளுங்கதான் பேண்டு. ஒருத்தன் போயிட்டாலும் கடையைச் சாத்திடணும். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் டூப்ளிகேட்." இதைச் சொல்லிவிட்டு, அதற்குச் சாட்சியாக அவன் இழுத்து வந்தது சக்தி பேண்டை. 1970களின் சக்திதான் சக்தியாம். அதற்குப் பிறகு மாண்டலின் சீனிவாஸ், செல்வகணேஷ், சங்கர் மகாதேவன் எல்லோரும் வந்து வாசித்தது "பேரைக் காப்பாத்த வாசிச்சது" என்றான்.

புதுக்கோட்டைக்காரனிடம் வந்து கஞ்சிராக்காரரை டூப்ளிகேட் என்று சொல்லலாமா? அதான் இந்தப் பதிவு.

முதலில் அவன் டீ-ஷர்ட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பிங்க் ஃப்ளாய்டுக்கு அந்தப் பெயரை வைத்தவர் சிட் பாரெட். ஆரம்பத்தில் பாட்டு எழுதியது, பாடியது, கிதார் வாசித்தது, பேண்டின் முகமாக இருந்தது எல்லாம் அவர்தான். மனநிலை கெட்டு 1968-ல் வெளியே போனார். அவர் இடத்துக்கு வந்தவர் டேவிட் கில்மோர். என் அறைத்தோழன் கண்ணை மூடிக்கொண்டு உருகுகிற அந்த கிதார் கில்மோருடையது. டீ-ஷர்ட்டில் இருக்கிற ஆல்பத்தில் சிட் பாரெட் இல்லவே இல்லை. இவன் சொல்கிற சட்டப்படி பார்த்தால் 1968-லேயே கடையைச் சாத்தியிருக்க வேண்டும், இவனுக்குப் போட்டுக்கொள்ள டீ-ஷர்ட்டும் இருந்திருக்காது. இதைச் சொன்னதும் இருட்டில் ஒரு தலையணை பறந்து வந்தது.

தலையணையைத் திருப்பி எறிந்துவிட்டு அடுத்ததைச் சொன்னேன். கிதார் கற்றுக்கொள்கிற எந்தப் பையனும் முதல் வாரத்தில் தட்டுகிற 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்', டீப் பர்ப்பிள் 1972-ல் போட்டது. அதில் பாடுகிற இயன் கில்லன், பேஸ் வாசிக்கிற ராஜர் குளோவர் இரண்டு பேருமே ஒரிஜினல் கிடையாது. 1969-ல் ராட் எவன்ஸ், நிக் சிம்பர் இருவரையும் கழற்றிவிட்டு இவர்களைச் சேர்த்தார்கள். அதுவும் எப்படி? பழைய இரண்டு பேருக்கும் சொல்லாமல், புது ஆட்களோடு ஒளிந்து ஒத்திகை பார்த்துவிட்டு. அந்த முறை கேவலம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இசை தேறியது. பீட்டில்ஸும் 1962 ஆகஸ்டில் பீட் பெஸ்டை அனுப்பிவிட்டு ரிங்கோவைச் சேர்த்தவர்கள்தான். ஏசி/டிசியில் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் செத்துப்போனார். பிரையன் ஜான்சன் வந்து பாடிய 'பேக் இன் பிளாக்' அதே வருஷம் ஜூலையில் வந்தது. அந்த பேண்டின் தட்டுகளிலேயே அதிகம் விற்றது அதுதான்.

இப்படியே அடுக்கிக்கொண்டு போனால் "ஆள் மாற்றினால் நல்லது" என்கிற கட்சியில் நான் சேர்ந்துவிட்டதாக நினைப்பீர்கள். இல்லை. அந்தக் கட்சியும் தப்பு. அது ஏன் தப்பு என்று எனக்குத் தெரிந்தது ராக் கேட்டு இல்லை, எங்கள் மாமாவைப் பார்த்து. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சக்தி கணக்கைத் தீர்க்க வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜான் மெக்லாஃப்லின் என்கிற இங்கிலாந்துக்காரர், மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்று காது கிழிகிற மின்சார பேண்டு நடத்தியவர். திடீரென்று அதை விட்டுவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். 1975-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் வாசித்ததுதான் முதல் தட்டாக வந்தது. 1977-ல் மூன்றாவது தட்டு. அத்தோடு முதல் சக்தி கலைந்துவிட்டது.

இதில் என் அறைத்தோழன் கவனிக்காத ஒன்று. முதல் தட்டு முடிந்ததும் ராகவன் விலகிவிட்டார். அவருக்குப் பதிலாக இன்னொரு மிருதங்கம் தேடவில்லை. நாலு பேராகவே அடுத்த இரண்டு தட்டையும் வாசித்தார்கள். அதாவது இவன் "ஒரிஜினல், ஒரிஜினல்" என்று கும்பிடுகிற சக்தியே ஏற்கெனவே ஒரு ஆளை இழந்த சக்தி. காலியான இடத்தைக் காலியாகவே விட்டார்கள். தபேலாவும் கடமும் அந்த இடத்துக்குள் கொஞ்சம் நகர்ந்து வந்தன. முதல் தட்டையும் அடுத்த தட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள், தாளத்தின் எடை மாறியிருப்பது தெரியும். நல்ல ஹெட்போன் இருந்தால் இன்னும் தெரியும். (என்னிடம் இல்லை. ஒரு காது மட்டும் கேட்கும் ஹெட்போனில் எழுதப்பட்ட பதிவு இது.)

இருபது வருஷம் கழித்து 1997-ல் மறுபடி கூடினார்கள். அப்போது சங்கர் இல்லை. அவர் இடத்தில் புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. பேரை என்ன வைத்தார்கள் என்று பாருங்கள், 'ரிமெம்பர் சக்தி'. சக்தியை நினைத்துப் பார்க்கிறோம் என்று பெயரிலேயே ஒத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் புல்லாங்குழல் போய் மாண்டலின் யு. சீனிவாஸ் வந்தார். விக்கு விநாயக்ராம் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ் வந்தார். சில வருஷத்தில் சங்கர் மகாதேவன் பாட வந்தார்.

இங்கேதான் எல்லோரும் ஒரு சௌகரியமான விளக்கம் சொல்கிறார்கள். "அப்பா இடத்துக்கு மகன் வந்தாரு, அதனால ஒத்துக்கலாம்." நம்ம ஊரில் இது எடுபடும். அரசியலிலிருந்து டீக்கடை வரைக்கும் எடுபடுகிறது. ஆனால் இசையில் ரத்தம் தாளம் போடாது. செல்வகணேஷுக்குக் கடமும் தெரியும், மிருதங்கமும் தெரியும். கடத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொரு கச்சேரியிலும் "அப்பா மாதிரி இல்லையே" என்று நூறு பேர் சொல்லியிருப்பார்கள். அவர் முதன்மையாகக் கையில் எடுத்தது கஞ்சிரா.

கடம் மண்பானை. மானாமதுரை மண்ணில் செய்வது பேர்போனது. அடித்தால் இறுக்கமான, உலர்ந்த, கணீரென்ற சத்தம். கஞ்சிரா ஒரு சாண் அகலத்துக்குப் பலாமர வளையம், அதில் உடும்புத் தோல், ஒரு துளையில் இரண்டு மூன்று காசு. வாசிப்பதற்கு முன் தோலின் உள்பக்கம் தண்ணீர் தடவித் தளர்த்துவார்கள். இடது கையால் வளையத்தைப் பிடித்துக்கொண்டு அதே கை விரலால் தோலை அழுத்த, சத்தம் கீழே இறங்கி வளையும். உள்ளங்கை அளவு கருவியிலிருந்து கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு அடிக்குரல் வரும். (உடும்பு 1972 வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம். அதனால் இப்போது வேறு தோல், செயற்கைத் தோல் என்று போகிறார்கள். "ஒரிஜினல்" கட்சிக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.) ராகவன் போனதோடு சக்தியில் போயிருந்த ஒரு கனம், இருபது வருஷம் கழித்து இந்தச் சின்ன வளையத்தின் வழியாகத் திரும்ப வந்தது என்பது என் காதுக்குத் தெரிகிற நியாயம். உங்கள் காதுக்கு வேறு மாதிரி தெரிந்தால் வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

செல்வகணேஷ் யார் என்று இன்னும் புரியாத என் வகுப்பு மக்களுக்கு: 2009-ல் வந்த 'வெண்ணிலா கபடி குழு' படத்துக்கு இசை அவர்தான். இப்போது புரிந்திருக்கும்.

அந்தக் கஞ்சிரா எந்த ஊர்ச் சரக்கு? பஜனையில் சும்மா தட்டிக்கொண்டிருந்த கருவியைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று சங்கீத உலகம் சொல்வது புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளையை. மான்பூண்டியா பிள்ளை என்றும் எழுதுவார்கள். நம்ம ஊர் பேருந்து நிலையத்தில் நின்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பேருக்கும் தெரியாது, அது தனிச் சோகம். அவர் மேடை ஏறியபோது கச்சேரியில் கஞ்சிராவுக்கென்று ஒரு நாற்காலியே கிடையாது. அந்தக் கால "ஒரிஜினல்" ஆட்களைக் கேட்டிருந்தால், இது என்ன புதுசா, பாட்டு வயலின் மிருதங்கம் போதாதா என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அவருக்குப் பிறகு வந்தவர்களைப் பாருங்கள். சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை கஞ்சிராவோடு மிருதங்கத்திலும் பேர் வாங்கினார். இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மகன்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962), மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் கை. அந்தக் கையும் இடது கை! இடது கைக்காரர் மிருதங்கம் வாசித்தால் வலந்தலை சபையைப் பார்க்க வேண்டுமே, அதற்காகப் பாடகருக்கு அந்தப் பக்கம் மாறி உட்கார வேண்டும். அப்படியானால் வயலின்காரர் இந்தப் பக்கம் வர வேண்டும். மேடையே புரண்டு உட்கார வேண்டிய நிலை. முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணையாக நின்றார். புதுக்கோட்டைப் பாணி என்று இன்றைக்குப் பெருமையாகச் சொல்கிறோமே, அதில் ஒவ்வொரு தலைமுறையும் முன்னவரை நகல் எடுத்திருந்தால் பேசுவதற்கு இன்றைக்கு என்ன இருந்திருக்கும்?

சரி, அறைத்தோழனுக்கும் கொஞ்சம் நியாயம் செய்ய வேண்டும். புது சக்தியில் எல்லாமே லாபம் இல்லை. பழைய சக்தியில் மெக்லாஃப்லின் கையில் மின்சாரம் இல்லாத கிதார், அவருக்காகவே செய்தது, உள்ளே அதிர்கிற துணைத் தந்திகள் வைத்தது. எதிரே சங்கரின் வில். ஒன்று மீட்டி அடங்கும், ஒன்று இழுத்து நீளும். அந்த வித்தியாசம்தான் அவர்கள் இருவரும் மாறி மாறி வாசிக்கும்போது பொறி பறக்க வைத்தது. புது சக்தியில் கிதாரும் மின்சாரம், சீனிவாஸின் மாண்டலினும் மின்சாரம். இரண்டும் மீட்டுகிற கருவி. வேகமாகப் போகும்போது எது யாருடையது என்று சில இடத்தில் எனக்குப் பிரியவில்லை. இது இழப்புதான். ஆனால் அந்தச் சின்ன மாண்டலினில், வயலினும் வீணையும் மட்டுமே செய்யும் என்று நினைத்திருந்த கமகத்தைச் சீனிவாஸ் இழுத்துக் காட்டினார். அது வில்லுக்குப் பதில் இல்லை, வேறு ஒரு பேச்சு.

இன்னொன்றும் கவனியுங்கள். மெக்லாஃப்லின் எங்கேயும் போகவில்லை. இரண்டு சக்தியிலும் இருக்கிறார். ஆனால் பழைய கிதாரை வைத்துவிட்டு வேறு கிதாரோடு, வேறு சத்தத்தோடு வந்து உட்கார்ந்தார். போகாத ஆளும் மாறிவிட்டார் ஐயா! அப்படியானால் ஒரிஜினல் மெக்லாஃப்லின் எவர்? 1975-ல் உட்கார்ந்தவரா, 2000-ல் உட்கார்ந்தவரா?

சங்கர் மகாதேவன் வந்ததும் சினிமா வாடை வந்துவிட்டது என்பது அடுத்த புகார். சில இடங்களில் எனக்கும் அப்படித் தோன்றும், மறைக்கவில்லை. ஆனால் அவர் யாருடைய இடத்துக்கும் வரவில்லை. பழைய சக்தியில் பாட்டுக்கென்று தனி ஆளே கிடையாது. மாமுண்டியா பிள்ளை மாதிரி, இல்லாத நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்.

2014 செப்டம்பரில் சீனிவாஸ் 45 வயதிலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் என் கட்சிக்குப் பெரிய சாட்சி. ஐம்பதாவது ஆண்டு என்று 2023-ல் சக்தி உலகம் சுற்றியபோது அந்த இடத்தில் இன்னொரு மாண்டலின் இல்லை. வயலின் கணேஷ் ராஜகோபாலன் இருந்தார், கணேஷ்-குமரேஷ் சகோதரர்களில் மூத்தவர். அந்த வருஷம் வந்த 'திஸ் மொமென்ட்' 2024 பிப்ரவரியில் கிராமி வாங்கியது. கிராமி வாங்கினால் நல்ல இசை என்று நான் சொல்ல வரவில்லை, அந்தப் பட்டியலில் குப்பைகளும் உண்டு. சீனிவாஸ் மாதிரி ஒருவரைத் தேடி உட்கார வைத்து, அவர் போகவே இல்லை என்று அவர்கள் நடிக்கவில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

நடிப்பு. அதுதான் என்னுடைய ஒரே புகார். ஆள் மாறுவதால் பேண்டு கெடுவதில்லை. மாறவில்லை என்று நடிப்பதால் கெடுகிறது. கில்மோர் வந்த புதிதில் மேடையில் சிட்டின் பகுதிகளைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த பிங்க் ஃப்ளாய்டை இன்றைக்கு யார் தேடிக் கேட்கிறார்கள்? சிட் போய்விட்டார் என்று ஒத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிய பிறகுதான் அந்த டீ-ஷர்ட் ஆல்பம். 1975-ல் சிட்டை நினைத்தே ஒரு பெரிய பாட்டு செய்தார்கள். அந்தத் தட்டுக்கான வேலை நடக்கிறபோது உடம்பு பெருத்து, தலையும் புருவமும் மழித்த ஒருவர் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றார். யாரென்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. சிட் பாரெட்! ஒரிஜினல் ஆள் எதிரில் நின்றும் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டிருந்தார். அந்த பேண்டும் மாறிவிட்டிருந்தது.

டெல்லியின் இந்தியன் ஓஷனில் அசீம் சக்ரவர்த்தி தபேலா வாசித்துக்கொண்டே பாடுவார். 2009 டிசம்பரில் இறந்துபோனார். அவருக்குப் பதில் ஒருவரைத் தேடவில்லை. பாட ஹிமான்ஷு ஜோஷி, தபேலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி என்று இரண்டு பேர் வந்தார்கள். அவர் ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்ய முடியாது என்று அதைவிட மரியாதையாக எப்படிச் சொல்வது? நம்ம விஸ்வநாதன்-ராமமூர்த்தி 1952-ல் 'பணம்' படத்தில் தொடங்கி 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவ'னோடு பிரிந்தபோது, விஸ்வநாதன் இன்னொரு ராமமூர்த்தியைத் தேடவில்லை. டைட்டிலில் பெயரைத் தனியாகப் போட்டுக்கொண்டார். குயின் பேண்டுக்காரர்கள் பிரெட்டி மெர்க்குரிக்குப் பிறகு வேறு பாடகரோடு போனபோது நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டார்கள். குயின் கூட்டல் பால் ராஜர்ஸ், குயின் கூட்டல் ஆடம் லாம்பர்ட். இசை பிரெட்டி காலத்துக்குப் பக்கத்தில் வராது, ஆனால் அந்தக் கூட்டல் குறிக்கு ஒரு கும்பிடு.

நடித்தால் என்ன ஆகும் என்பதற்கு டீப் பர்ப்பிளிலேயே ஒரு கதை உண்டு. 1969-ல் கழற்றிவிடப்பட்டார் என்று சொன்னேனே, ராட் எவன்ஸ். பேண்டு கலைந்து கிடந்த 1980-ல், யாருக்கும் தெரியாத நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, டீப் பர்ப்பிள் என்ற பெயரிலேயே அமெரிக்காவில் ஊர் ஊராகப் போனார். கேட்டவர்கள் கத்திக் கலாட்டா செய்தார்கள். கடைசியில் கோர்ட்டு வரை போய்த் தோற்றார். இவர் முதல் பாடகர்! பெட்டியிலிருந்து எடுத்த ஒரிஜினல்! ஒரிஜினல் ஆள் இருந்தால்தான் பேண்டு என்கிற சட்டத்துக்கு இவர் ஒருவர் போதும்.

இப்போது மாமா.

எங்கள் மாமா ஒரு இன்னிசைக் குழுவில் தபேலா. குழு தொடங்கிய நாளிலிருந்து இருந்தவர். ஆலங்குடி, கீரனூர், அறந்தாங்கி, பொன்னமராவதி என்று மாசி தொடங்கி ஆடி வரைக்கும் கோயில் திருவிழா மேடைகள். சின்ன வயசில் மேடைக்குப் பின்னால் தார்ப்பாயில் படுத்து, அவர் தபேலாவைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன். பிறகு ரிதம் பேட் வந்தது. ஒரு பெட்டி, அதற்குள் தபேலா, டோலக், தவில், உறுமி எல்லாச் சத்தமும். குச்சியால் தட்டினால் போதும். மூன்று ஆள் சம்பளம் மிச்சம், ராத்திரிப் பனியில் சுருதி இறங்குகிற தொல்லை இல்லை. குழு நடத்துகிறவர் கணக்குப் போட்டார். மாமாவிடம், "அடுத்த சீசன் பார்க்கலாம்ணே" என்றார். அந்த அடுத்த சீசன் வரவேயில்லை.

நான் ரிதம் பேடைத் திட்டப் போவதில்லை. அதை வாசிக்க வந்த அண்ணன் நல்ல கைக்காரர். ஒரு தடவை திருமயம் பக்கம் ஒரு திருவிழாவில் பாடகி வரத் தாமதமாகி, கூட்டத்தைப் பிடித்து வைக்க அவரைத் தனியாக வாசிக்கச் சொன்னார்கள். பத்து நிமிஷம், பறை அடியை எடுத்து அந்தப் பெட்டியில் புகுத்தி என்னென்னவோ செய்தார். தபேலாவில் அதைச் செய்யவே முடியாது. கடைசி வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். எனக்கு மாமாவுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருந்தது, ஆனாலும் கை தட்டினேன். இறங்கி வந்ததும் குழு நடத்துகிறவர் அவரைப் பிடித்துக்கொண்டார். "இதெல்லாம் வேணாம்ப்பா, பழைய தபேலா மாதிரியே வாசி, அதுதான் ஜனத்துக்குப் பழக்கம்." மறுபடி பாட்டு தொடங்கியதும் அந்த அண்ணன், பதிவு செய்த தபேலாச் சத்தத்தைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தார். மாமாவின் விரல் செய்ததை ஒரு பெட்டி செய்கிற மாதிரி.

அதோடு விட்டார்களா? நோட்டீஸிலும் ஃப்ளெக்ஸிலும் இன்னும் மாமா படம் இருக்கிறது. ஜிப்பா போட்டு, தபேலாவுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு. தெருவில் போகிறவர்கள், "என்ன, நேத்து வாசிச்சீங்களாம்ல?" என்று கேட்கிறார்கள். மாமா, "ஆமா ஆமா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

சண்டை நடந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது மாமாவுக்கு என் போனில் சக்தியைப் போட்டுக் காட்டினேன். முதலில் பழையது. விக்கு விநாயக்ராம் கடம் வரும்போது திண்ணையில் விரல் தானாகத் தட்ட ஆரம்பித்தது. பிறகு புதியது. கஞ்சிரா அடிக்குரல் இறங்கியதும் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"இது யாரு மாப்ளே?"

"அவர் மகன்தான் மாமா."

"பானை இல்லையே?"

"கஞ்சிரா மாமா. நம்ம ஊரு சாமான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கெட்டிக்காரப் பய. அப்பன் சாமானைத் தொடல பாரு" என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவையும்.

2024 டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் இறந்துபோனார். ஐம்பது வருஷத்து சக்தியில் எல்லா அவதாரத்திலும் இருந்தவர்கள் இரண்டே பேர், அவரும் மெக்லாஃப்லினும். இனி ஒருவர். என் அறைத்தோழன் கேட்கிறான், "இப்ப சொல்லு, ஜாகிர் இடத்துக்கும் ஆள் போடலாமா?" இன்னொரு தபேலாவைப் போட்டால் நான் கேட்க மாட்டேன். ராகவன் போனபோது செய்த மாதிரி காலியாக விட்டு வாசித்தாலும் சரி, யாரும் நினைக்காத ஒரு கருவி வந்து உட்கார்ந்தாலும் சரி, முதல் ஆளாகக் கேட்பேன். இதை அவனிடம் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் டீ-ஷர்ட்டைத் துவைக்கப் போட்டிருக்கிறான், அதுவே பெரிய வெற்றி :-)

இந்த வருஷத் திருவிழா நோட்டீஸ் வீட்டுக்கு வந்தது. அதே படம், அதே ஜிப்பா. குழு நடத்துகிறவருக்கு நானே போன் போட்டேன்.

"அண்ணே, மாமா படத்தை எடுத்துருங்கண்ணே. அவரு வாசிக்கிறதில்லையே."

"தம்பி, அது ராசியான படம்ப்பா. அதைப் பார்த்துத்தான் ஊருக்காரங்க கூப்பிடுறாங்க."

"அப்ப பேட் வாசிக்கிற அண்ணன் படத்தையாவது பக்கத்துல போடுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அதுக்கு எடமில்ல தம்பி" என்றார்.